செத்தவனிடம் சொன்ன மடை ரகசியம்

முன்னொரு காலத்தில், மழை மட்டும் ராஜாவின் உத்தரவைக் கேட்காமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாட்டில், பூவுலிங்கம் என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. லேசான வேலை இல்லை. ராஜா சிரிக்காத நாளில் யாருக்காவது தலை போகும்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தொழிலானாலும் அதன் நுணுக்கம் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் சாகிற நேரத்தில் மகனைக் கூப்பிட்டு, மகன் காதில் வாயை வைத்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவான். காதுச்சொல் என்று அதற்குப் பெயர். மருமகனுக்குச் சொல்வதில்லை. மகளுக்குச் சொல்வதில்லை. பெண்டாட்டிக்குச் சொல்வது என்ற பேச்சே இல்லை.

"ஏனப்பா இப்படி?" என்று கேட்டால், "சொல்லிவிட்டால் பிறகு நான் எதற்கு?" என்பார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. ராஜாவுக்குச் சந்தனம் கூட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் ராஜா அவர் தோளில் கைபோட்டு, "எப்படியய்யா கூட்டுகிறீர், இப்படி மணக்கிறதே?" என்று கேட்டார். ராஜாவே கேட்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில் மனுஷர் ஒன்றுவிடாமல் சொன்னார். மறுநாள் காலையில் பிரதானி விசயரங்கர் அவரைக் கூப்பிட்டு, "இனி நாங்களே கூட்டிக்கொள்கிறோம். நீர் போகலாம்" என்றார்.

பெரியவர் மூட்டையோடு வாசல் தாண்டுவதைச் சமையல்காரன் பார்த்தான். பக்கத்தில் நின்ற யானைப்பாகனிடம், "பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அரண்மனையில் எல்லா வாயும் பூட்டிக்கொண்டன.

சொல்லத்தான் பயம் என்றில்லை. கேட்கவும் வெட்கம். ஒருவன் வாய் தவறி, "இது எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும், "இது தெரியாமலா இத்தனை வருஷம் அரண்மனைச் சோறு தின்கிறாய்?" என்று ஊரே கேட்கும். அதனால் தெரியாதவர்களும் தலையாட்டினார்கள். தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடியது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வேட்டை இல்லை, உலா இல்லை. சும்மா இருந்த ராஜாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"பிரதானியாரே, என் நாட்டில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கலாமா?"

"இருக்கலாகாது, பிரபு."

"அப்படியானால் ஒவ்வொருவனும் சபைக்கு வந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். மறைப்பவன் தலை தரையில் உருளும்."

வந்தார்கள், சொன்னார்கள். சமையல்காரன் பாயசத்தின் பக்குவத்தைச் சொன்னான்; ஒரே ஒரு சாமானைச் சொல்லாமல் விட்டான். வைத்தியர் வேரின் பெயரைச் சொன்னார். வேறு வேரின் பெயர் அது. யானையை அடக்குகிற சொல் எது என்று பாகன் சொன்னான். மறுநாள் ஒரு வேலைக்காரன் அந்தச் சொல்லை யானையிடம் சொல்லிப் பார்த்தான். யானை அவனைக் காலுக்கடியில் போட்டுக்கொண்டது. பாகன் அந்தப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அப்போதும் சரியான சொல் எது என்று சொல்லவில்லை.

ராஜாவுக்குப் புரியவில்லை. "சொன்னார்களே பூவுலிங்கா! பிறகு ஏன் இப்படி?"

"பிரபு, வாயைத் திறக்கச் சொன்னீர்கள். திறந்தார்கள். உள்ளே இருப்பதை எடுக்கச் சொல்லவில்லையே."

ராஜா பாதி சிரித்தார். மீதிச் சிரிப்புக்குள் மடைக்காரர் உடையப்பன் வந்துவிட்டார்.

ஊருக்கு மேலே பெரிய ஏரி. ஏரிக்குள் தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள், தூண்களின் மேலே ஒரு கல் நந்தி. அந்தத் தூண்களின் அடியில், ஆள் முங்கிப் போகிற ஆழத்தில், மடை. அதைத் திறக்கத் தெரிந்தவர் உடையப்பன் ஒருவர்தான்.

"மடையை எப்படித் திறப்பாய்? சொல்" என்றார் ராஜா.

"சொல்ல மாட்டேன், மகாராஜா."

உடையப்பனே தொடர்ந்து சொன்னார்.

"பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாம், எல்லாரையும் போல. மடையில பொய் சொன்னா ஆள் சாவான். அதனால சொல்லலை. நிசத்தைச் சொல்லவும் எனக்கு மனசில்லை."

"சிறையில் தள்ளுங்கள். அமாவாசையன்று தலையை எடுங்கள்."

பூவுலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "பிரபு, இன்றைக்கு இந்தச் சபையில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் தலையை எடுத்தால் மிச்சம் இருப்பதெல்லாம்..." என்று சொல்லிச் சுற்றிலும் பார்த்தான்.

ராஜாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கேட்காமலே வெற்றிலை எடுக்கிற உரிமை பூவுலிங்கத்துக்கு இருந்தது. பிரதானிக்கு இல்லை. அந்த எரிச்சல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. அவர் எழுந்தார்.

"பிரபு, மடைக்காரன்மேல் இவ்வளவு அக்கறை இருக்கிற விகடகவி, அந்த ரகசியத்தை அவனிடமிருந்து வாங்கி வரட்டுமே. வராவிட்டால் அவனோடு இவன் தலையும் போகட்டும்."

"நன்று" என்றார் ராஜா. "பூவுலிங்கா, இந்தக் கணம் முதல் நீ செத்தவன். மடையின் ரகசியத்தோடு வந்தால் உயிரைத் திருப்பித் தருவேன்."

"இன்னொன்று, பிரபு. லஞ்சம் கொடுத்து ஏமாற்றிவிடுவார்கள். உயிரோடு எவனும் அந்தச் சிறைக்குள் போகக் கூடாது என்று ஒரு ஆணை வேண்டும்" என்றார் பிரதானி.

"ஆணையிட்டோம்."

பிரதானி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ரகசியத்தை வாங்கியே ஆக வேண்டும். உள்ளேயும் போக முடியாது. பூவுலிங்கம் குனிந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

இதற்குள் ஏரி ஏறிக்கொண்டிருந்தது. மிகுதித் தண்ணீர் போகிற கலிங்கு வழிந்தும் போதவில்லை. மடைக்காரன் இல்லாமலே திறந்துவிடலாம் என்று பிரதானி இரண்டு வீரர்களை முங்கச் சொன்னார். "தெரியுமா?" என்று கேட்டார். தலையாட்டினார்கள். முங்கினார்கள். இரண்டு பிணங்களும் மறுகரையில் மிதந்தன. மடை திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பூவுலிங்கத்தின் வீட்டிலிருந்து ஒரு பாடை புறப்பட்டது. முன்னால் சங்கு, பின்னால் பறை. பாடைமேல் பூவுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். கூடவே அவன் மனைவி சொர்ணத்தாய் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, என்னை ஆண்ட ராசா, சபையில வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருன்னா இருந்தீரா..."

"மெதுவா அழு. காது போகுது" என்றது பிணம்.

"செத்தவரு பேசப்படாது."

சிறைவாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "உயிரோடு யாரும் உள்ளே போகக் கூடாது. ராஜ ஆணை."

"உயிரோட யாரு போறா? இது பிணம்" என்றாள் சொர்ணத்தாய்.

"மூச்சு விடுதே!"

"ராஜா சபையில வச்சு, இந்தக் கணம் முதல் நீ செத்தவன்னு சொன்னாரு. ராஜா சொன்னது பொய்யின்னு சொல்லுதியா? சொல்லு, நாலு பேரைக் கூப்பிடுதேன்."

காவலன் ஈட்டியைக் கொஞ்சம் தாழ்த்தினான். "இல்லை தாயி. ஆனா தூக்கிட்டு வர்றவங்க உயிரோட இருக்காங்களே. அவங்க போகப்படாது."

பாடையை இறக்கினார்கள். பிணம் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, உள்ளே நடந்தது.

"பிணம் நடக்குமா?" என்று கேட்டான் காவலன்.

"சாகச் சொன்னார். நடக்காதேன்னு சொல்லலையே" என்றாள் சொர்ணத்தாய்.

உள்ளே உடையப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பார்த்ததும், "என்ன பூவுலிங்கம், விகடமா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி. செத்துப்போனேன்."

"எல்லாரும் சாகத்தான் போறோம். தண்ணி நந்தியை எங்க தொட்டிருக்கு?"

"நந்தியோட காலை நனைச்சாச்சு தண்ணி. பிரதானி ரெண்டு பேரை முங்கவிட்டார். செத்துட்டாங்க."

உடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீர்க்கல்லை முதல்ல பிடிச்சிருப்பாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சத்தமாக, "என்னை எதுக்குப் பார்க்கே? நானா கொன்னேன்?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"எங்கப்பா எங்காதுல சொன்னாரு. எம்மகன் காதுல நான் சொல்லணும். அவனை ராஜா சண்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வரலை. நான் யார் காதுல சொல்ல? ராஜா காதுலயா? சந்தனக்காரரு சொன்னாரு, மறுநாள் தெருவுல நின்னாரு. சொல்லிட்டேன்னா எம்பொஞ்சாதி மாடத்திக்கு யாரு சோறு போடுவா?"

"ஊர் போயிருமே, அண்ணாச்சி."

"போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா ஒண்ணு சொல்லு. இந்தப் பிரதானி வருஷா வருஷம் கரையில குடைபிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாரே, ஒருநாளாவது, 'உடையப்பா, இது எப்படிடா?'ன்னு கேட்டிருக்காரா? கேட்டா குடை சாஞ்சிரும். ராஜாவும் கேட்கலை. சொல்லுன்னாரு. எல்லாரும் உத்தரவுதான் போடுதாங்க. கேட்டவன் ஒருத்தன் இல்லை."

பூவுலிங்கம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, நான் செத்தவன். உங்க வேலைக்கு நான் வரப்போறதில்லை. உங்க சோறு எனக்கு வேண்டாம். உங்களுக்கு மேலயும் இல்லை, கீழயும் இல்லை. எனக்கு மடையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கேட்கேன். எப்படித் திறக்கணும்?"

உடையப்பன் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்கியோ?"

"கேட்கேன்."

சொன்னார். அடியில் இரண்டு கல் இருக்கிறது. கீழே இருப்பது சேற்றுக்கல், மேலே இருப்பது நீர்க்கல். ஏரி நிறைந்திருக்கும்போது நீர்க்கல்லை முதலில் தொட்டால் தண்ணீர் ஆளையே இழுத்துத் துளையில் செருகிவிடும். சேற்றுக்கல்லைப் புரட்டி, சேறு ஓடவிட்டு, இழுப்பு இரண்டாகப் பிரிந்த பிறகுதான், தூணில் முதுகைக் கொடுத்து நீர்க்கல்லைத் தூக்க வேண்டும்.

"நந்தியின் கழுத்து வரைக்கும் தண்ணி இருந்தா ஆள் பிழைச்சு வரலாம். கொம்பு முங்கிட்டா, ரெண்டாவது கல்லைத் தூக்குறவன் மேல வரமாட்டான். அதுக்கு முன்னால திறந்திரணும்."

"இவ்வளவுதானா, அண்ணாச்சி?"

"இவ்வளவுதான்னு நினைச்சியா? கல்லு எந்தப் பக்கம் அசையும்னு வாயால சொல்ல முடியாது. என்கூட ஆள் முங்கணும். கை பார்க்கணும். என்னை வெளியே எடு."

பூவுலிங்கம் வெளியே வந்து மறுபடி படுத்துக்கொள்ள, பாடை நேராகச் சபைக்கு வந்து சிங்காதனத்துக்கு முன்னால் இறங்கியது. ஏரிக்கரையில் முரசு கேட்டது. காவலாள் ஒருவன் ஓடிவந்து, "நந்தியின் கழுத்து!" என்று கத்திவிட்டு ஓடினான்.

"பூவுலிங்கா, கிடைத்ததா?" என்றார் ராஜா.

பிணம் அசையவில்லை.

"தோற்றுவிட்டான், பிரபு. அதனால்தான் கிடக்கிறான்" என்றார் பிரதானி.

சொர்ணத்தாய் முன்னால் வந்தாள். "மகாராசா, செத்தவரு எப்படிப் பேசுவாரு? உயிரைக் கொடுங்க, பேசுவாரு."

"ரகசியத்தைத் தந்தால் உயிரைத் தருவதாகத்தானே சொன்னேன்?"

"உயிரிருந்தாத்தானே ரகசியத்தைத் தர முடியும், மகாராசா?"

ராஜா தாடியைத் தடவினார். பிரதானி, "ராஜவாக்கு முன்பின் மாறலாகாது. ரகசியம் முன்பு, உயிர் பின்பு" என்றார். பண்டிதர் ஒருவர், "அப்படியும் கொள்ளலாம்" என்றார். இன்னொரு பண்டிதர், "இப்படியும் கொள்ளலாம்" என்றார். முதலாமவருக்குக் கோபம் வந்துவிட்டது. சுவடிகளை எடுத்துவர ஆள் போயிற்று.

பாடைமேல் கிடந்த பூவுலிங்கத்துக்கு முரசு நன்றாகக் கேட்டது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உயிர் கைக்கு வருமுன் எழுந்தால் பிரதானி தலையைக் கேட்பார். கிடந்தான்.

கடைசியில் ராஜாவுக்கே சலித்துவிட்டது. "போதும். உயிர் தந்தேன். எழுந்திரு!"

குதித்து எழுந்தான். "கிடைத்தது, பிரபு! உடனே உடையப்பனை விடுங்கள். அவரோடு முங்க இரண்டு பேரைக் கொடுங்கள்."

"ரகசியம் கிடைத்த பிறகு அவன் எதற்கு?" என்றார் பிரதானி. "நீ சொல். நம் ஆட்கள் முங்குவார்கள்."

"இரண்டு பேர் முங்கியாயிற்றே, பிரதானியாரே. ஒருவேளை உங்களுக்கே மடை தெரியுமோ?"

சபை முழுவதும் பிரதானியைப் பார்த்தது. அத்தனை பேர் பார்க்கும்போது அந்த அரண்மனையில் எவன்தான் தெரியாது என்று சொல்லியிருக்கிறான்?

"இந்த நாட்டில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? மடையும் தெரியும்."

பூவுலிங்கம் ராஜாவின் காலில் விழுந்தான். "பிரபு, நாடு பிழைத்தது! தெரிந்தவர் சபையிலேயே இருக்கிறார். உடையப்பன் எதற்கு? பிரதானியாரையே முங்கச் சொல்லுங்கள்."

"சரியாகச் சொன்னாய். பிரதானியாரின் தலைப்பாகையை வாங்குங்கள்" என்றார் ராஜா.

வாங்கினார்கள். அங்கவஸ்திரத்தை உருவினார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது பிரதானி அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிரபு... தெரி... தெரியாது."

"என்ன? சத்தமாக."

"எனக்குத் தெரியாது, பிரபு!"

ராஜா சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். "பிரதானிக்குத் தெரியாதாம்!" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஓடிவந்தவன் கத்தியது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினான்.

"கொம்பு முங்கிட்டுது!"

உடையப்பனை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தபோது நந்தி இருந்த இடத்தில் ஒரு சுழிதான் தெரிந்தது. கரை சில இடங்களில் கசிய ஆரம்பித்திருந்தது. கீழே தெருக்களில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார்கள். உடையப்பன் சுழியைப் பார்த்தார். பூவுலிங்கத்தைப் பார்க்கவில்லை. கூட முங்கப்போகிற இரண்டு வீரர்களிடம், "முங்கிக் கல்லுப் புரட்டத் தெரியுமா?" என்றார்.

இருவரும் தலையாட்டினார்கள்.

"தலையை ஆட்டாதீங்கடா. தெரியலைன்னா இங்கேயே சொல்லுங்க. உள்ள போய்ச் சொல்ல முடியாது."

"தெரியாது, ஐயா" என்றான் ஒருவன்.

"நல்லது. இப்ப கேளு."

கரை முழுவதும் கேட்கும்படி சொன்னார். ராஜா நின்றார், பிரதானி நின்றார், ஊர்ஜனம் நின்றது. ஒருவர் காதிலும் தனியாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "சேற்றுக்கல் வரைக்கும் என் கையைப் பார்த்துக்கிட்டே வாங்க. அது புரண்டதும் ரெண்டு பேரும் மேல போயிருங்க. மத்தது என்னோடது" என்றார்.

மூன்று பேரும் முங்கினார்கள். வாய்க்காலில் முதலில் கறுப்பாகச் சேறு கொப்பளித்தது. இரண்டு தலைகள் மேலே வந்தன. பிறகு ஏரிக்குள்ளிருந்து ஒரு உறுமல் கேட்டது. வாய்க்கால் இருகரையும் தளும்ப ஆற்றைப் பார்த்துப் பாய்ந்தது. சுழி பெரிதாகி, மெல்ல மெல்லக் கொம்பு தெரிந்தது.

உடையப்பன் மேலே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் மிதந்து வந்தார்.

ஊர் பிழைத்தது. ராஜா பூவுலிங்கத்தைக் கட்டிக்கொண்டார். "உன் விகடமே விகடம்! செத்தவன் நடந்தானாம், பிரதானிக்குத் தெரியாதாம்!" என்று மறுபடியும் சிரித்தார். கழுத்துமாலையைக் கழற்றிப் போட்டு, ஒரு கிராமத்தையும் எழுதிக் கொடுத்தார். பூவுலிங்கம் குனிந்து வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு தடவை சாக வேண்டும்.

கரையோரமாக வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் சொர்ணத்தாய் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பாடையில எம்புட்டு நேரம் கெடந்தீரு?"

"நேரத்தை யாரு பார்த்தா?"

"தண்ணி பார்த்துச்சு."

அவன் நின்றான்.

"நான் உம்மைக் குத்தம் சொல்லலை" என்றாள். "நானும்தான் நின்னு நாயம் பேசினேன். உசுரு கைக்கு வரட்டும், பெறகு சொல்லலாம்னு. சந்தனக்காரரு போனதைப் பார்த்தவங்கதானே நாமளும்."

வாய்க்கால் மேட்டில் உடையப்பனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முங்கிப் பிழைத்த வீரர்கள் இருவரும் போகத் தோன்றாமல் சற்றுத் தள்ளி நின்றார்கள். பூவுலிங்கம் மாலையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, சேற்றிலேயே அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சிறையில உன்கிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மாடத்தி. "வீட்டுல ஒருநாளும் இதைப் பத்தி வாயைத் திறந்ததில்லை. முங்கிட்டு வந்து வெந்நி கேட்பாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

"சொல்றேன், மயினி. அடியில ரெண்டு கல்லு இருக்கு. கீழ இருக்கிறது சேற்றுக்கல்லு. அதை வலப்பக்கமாப் புரட்டி..."

"இல்லைண்ணே" என்றான் வீரர்களில் ஒருவன், கிட்டே வந்து. "இடப்பக்கம். நான் அவரு கையைப் பார்த்தேன்."

"முதல்ல கொஞ்சம் உள்ள தள்ளினாரு" என்றான் மற்றவன். "பெறகுதான் இடப்பக்கம்."

"அப்படியா? எனக்குத் தெரியாது. சொல்லு" என்று நகர்ந்து இடம் விட்டான் பூவுலிங்கம்.

வீரன் உட்கார்ந்தான். மாடத்தி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் அந்தக் கைகளைப் பிடித்து, தண்ணீருக்கடியில் கல்லை எப்படிப் பற்ற வேண்டும் என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான்.